ஒன்றேகால் பவுன் ஈயம்

திருப்புட்குழி,
தை அமாவாசைக்கு மறுநாள்

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று ஜடாயு தீர்த்தத்துப் படிக்கட்டில் நின்றுகொண்டு நீ கேட்டதற்குப் பாதிப் பதில்தான் சொன்னேன். ஒரு பக்கம் தர்ப்பணக் கூட்டம், இன்னொரு பக்கம் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த உன் அப்பா. அந்த இடத்தில் துப்பாக்கியைப் பற்றிப் பேச எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் உன் கேள்வி விடவில்லை. "சார், சின்ன ரிவால்வர்ல மேக்னம் தோட்டா போட்டா அது பெரிய துப்பாக்கி மாதிரி ஆயிடுமே, அப்புறம் எதுக்கு ஒரு கிலோ துப்பாக்கியைத் தூக்கிட்டு அலையணும்?" என்றாய். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. பாலுசெட்டிச்சத்திரம் டீக்கடையில் யாரோ சொன்னதை நம்பிக்கொண்டு, நம் நாட்டு 32 போர் ரிவால்வர் கொசு அடிக்கத்தான் லாயக்கு என்றும் சேர்த்துச் சொன்னாய். முதலாவது நல்ல கேள்வி. இரண்டாவது என்னைத் தூங்கவிடவில்லை.

வாத்தியாரிடம் எதிர்க்கேள்வி கேட்டுவிட்டோமே என்று நினைக்காதே. யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்டுக்கொண்டிருந்த ராமாநுஜர் குருவின் வியாக்கியானத்தை ஏற்காமல் மறுத்தது இந்த ஊரில்தான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஊர் வழக்கத்தைத்தான் நீ காப்பாற்றியிருக்கிறாய். ஆனால் மறுப்பதற்கு முன்னால் ராமாநுஜர் பாடத்தை ஒழுங்காகக் கேட்டிருந்தார், அதையும் ஞாபகம் வைத்துக்கொள்.

முதலில் அந்தச் சொல்லை ஒரு வழி பண்ணிவிடுகிறேன். மேக்னம் என்றால் லத்தீனில் பெரிது என்று பொருள், அவ்வளவுதான். வெள்ளைக்காரன் ஒன்றரை லிட்டர் ஷாம்பெயின் புட்டிக்கு மேக்னம் என்று பெயர் வைத்தான். வழக்கமான புட்டியைப் போல இரண்டு மடங்கு. கூடுதல் மருந்து அடைத்த தோட்டாவுக்கு அந்தப் பெயர் அங்கிருந்து வந்தது. இன்று உன் தங்கை அதே பெயரில் ஐஸ்கிரீம் தின்கிறாள். பெயரில் மந்திரம் ஒன்றும் இல்லை. சினிமாவில் கதாநாயகன் ஒற்றைக் கையால் சுட்டு எதிரி பத்தடி தள்ளிப் பறந்து விழுகிற காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் டிவியை அணைத்துவிடுவேன். எதிரியைப் பத்தடி தள்ளுகிற உந்தம் சுட்டவனையும் அதே அளவு பின்னால் தள்ளியிருக்க வேண்டாமா? மூன்றாம் விதியை நீ பத்தாம் வகுப்பிலேயே படித்துவிட்டாய், அதை மறுபடி நடத்தப் போவதில்லை. ஆனால் படித்ததைப் பரீட்சைத் தாளோடு விட்டுவிட்டு வந்துவிடுகிறீர்கள். என் கோபம் அதன்மேல்தான்.

நீ இரண்டு கணக்கை ஒரே கணக்காகப் போட்டுக் குழப்பிக்கொண்டாய். ஒன்று அழுத்தம், மற்றது உந்தம். அழுத்தத்தைத் துப்பாக்கியின் உலோகம் தாங்க வேண்டும். உந்தத்தைச் சுடுகிறவன் கை தாங்க வேண்டும். முதலாவதை உலோகவியல்காரர்கள் பிரமாதமாகத் தீர்த்துவிட்டார்கள். அவர்கள் அதைத் தீர்த்த விதமே இரண்டாவதை இன்னும் மோசமாக்கியது. இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வருவது இதுதான்.

அழுத்தத்தை உன் வீட்டு அடுப்படியிலிருந்தே தொடங்கலாம். குக்கர் விசிலடிக்கும்போது உள்ளே இருக்கும் அழுத்தம், வெளிக்காற்றுக்கு மேல், சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 15 பவுண்டு. அந்த 15 பவுண்டுக்கே கேஸ்கெட், வெயிட், பாதுகாப்பு வால்வு என்று எத்தனை ஏற்பாடு! நீ கொசு அடிக்கச் சொன்னாயே, அந்த 32 போர் தோட்டாவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் 15,000 பவுண்டு. உன் அம்மாவின் குக்கரைப் போல ஆயிரம் மடங்கு. .38 ஸ்பெஷல் என்கிற தோட்டாவுக்கு 17,000. .357 மேக்னத்துக்கு 35,000. கவனி, .38 ஸ்பெஷலிலும் .357 மேக்னத்திலும் பாய்கிற குண்டின் விட்டம் ஒன்றேதான். பெயரில்தான் 38, அளந்து பார்த்தால் .357 அங்குலம். அதே குண்டு, அதே பருமனுள்ள கூடு, அழுத்தம் மட்டும் இரண்டு மடங்குக்கு மேல்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. 1930-ல் அமெரிக்காவில் ஸ்மித் அண்ட் வெஸன் கம்பெனி .38 ஸ்பெஷல் தோட்டாவிலேயே மருந்தின் வீரியத்தைக் கூட்டி, அதற்கென்று கனமான சட்டகத்தில் ஒரு ரிவால்வரும் செய்தது. கனமான சட்டகம் அதைத் தாங்கியது. சங்கடம் என்னவென்றால், அந்த வீரியத் தோட்டா அளவில் சாதாரண .38 போலவே இருந்தது. சட்டைப்பைக்குள் அடங்கும் பழைய சின்ன ரிவால்வர்களிலும் அழகாகப் போய் உட்கார்ந்தது. அதைத் தாங்குகிற தெம்பு அவற்றுக்கு இல்லை. 1935-ல் அதே கம்பெனி .357 மேக்னத்தைக் கொண்டுவந்தபோது புத்திசாலித்தனமாக ஒரு வேலை செய்தார்கள். பித்தளைக் கூட்டை அரைக்கால் அங்குலம் நீட்டிவிட்டார்கள். நீண்ட கூடு .38 துப்பாக்கியின் அறைக்குள் முழுசாக இறங்காது, தோட்டாக்களைத் தாங்கும் உருளை மூடாது, சுட முடியாது. மாறாக .38 தோட்டாவை மேக்னம் துப்பாக்கியில் தாராளமாகப் போடலாம். ஒரு பெரிய விபத்தை அரைக்கால் அங்குலப் பித்தளை தடுக்கிறது! எச்சரிக்கை எழுதி ஒட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். ஒட்டியதை யார் படிக்கிறார்கள்? நம் பள்ளி ஆய்வுக்கூடத்தில் அமிலப் புட்டிமேல் நான் எழுதி ஒட்டியதை உன் வகுப்பில் ஒருவனாவது படித்தானா?

முதல் மேக்னம் ரிவால்வரை அந்தக் கம்பெனி தன்னிடமிருந்த பெரிய சட்டகத்தில்தான் செய்தது. எடை ஒரு கிலோவுக்கு மேல். நாள் முழுக்க அதை இடுப்பில் சுமக்கிற போலீஸ்காரர்கள் முனகினார்கள். பில் ஜோர்டான் என்ற எல்லைக் காவல் அதிகாரி கேட்டுக்கொண்டதன்பேரில் 1955-ல் நடுத்தரச் சட்டகத்தில் ஒன்று வந்தது. எல்லோரும் கொண்டாடினார்கள். பழகுவதற்கு .38, வேலைக்குப் போகும்போது மேக்னம் என்று வைத்துக்கொண்டவரை அது நன்றாகவே உழைத்தது. பிறகு லேசான, வேகமான 125 கிரெயின் குண்டுகளை ஆயிரக்கணக்கில் சுட ஆரம்பித்தார்கள். உருளையிலிருந்து குண்டு குழலுக்குள் நுழைகிற வாய் இருக்கிறதே, அதன் அடிப்பக்கத்தை உருளையைத் தாங்கும் கைக்கு இடம் விடுவதற்காகக் கொஞ்சம் செதுக்கியிருந்தார்கள். உலோகம் அங்கேதான் மெலிவு. விரிசலும் அங்கேதான் விழுந்தது. கடைசியில் 1980-ல் அதைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு சட்டகம் செய்ய வேண்டி வந்தது. எடையைக் குறைக்கிறோம் என்று கிளம்பி, இருபத்தைந்து ஆண்டு கழித்துப் பாதி வழி திரும்பி வந்தார்கள்.

நம் கான்பூர் 32 போர் ரிவால்வரின் கதை வேறு. அது பழைய வெப்லி ரிவால்வர் குடும்பத்து ஜாதி. மேலே உள்ள கொக்கியைத் தள்ளினால் துப்பாக்கி நடுவில் மடங்கி, காலிக் கூடுகள் ஆறும் தாமாக எழும்பும். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற என் நண்பர் ஒருவர், தோட்டா இல்லை என்று இரண்டு தடவை எண்ணிக் காட்டிய பிறகு, மடக்கிக் காட்டினார். கீழே ஒரு கீல், மேலே ஒரு கொக்கி, அவ்வளவுதான் பிடிமானம். 15,000 பவுண்டுக்கு அது தாராளம். 35,000-க்கு அந்தக் கீல் எத்தனை நாள் தாங்கும் என்று நீயே யோசி. மடங்காத முழுச் சட்டகம் வேண்டும் என்று மேக்னம்காரர்கள் அடம்பிடிப்பது இதனால்தான்.

இனி உந்தம். இங்கே கொஞ்சம் நிதானமாக வா.

தோட்டாக்காரர்கள் இன்னும் கிரெயின் என்ற பழைய எடையில்தான் பேசுகிறார்கள். ஒரு தானிய மணியின் எடையிலிருந்து வந்த அளவு. நம் பத்தர்கள் குன்றிமணியில் நிறுத்தார்களே, அந்த மாதிரி. ஒரு குன்றிமணிக்கு ஏறக்குறைய இரண்டு கிரெயின் பிடிக்கும். மேக்னத்தின் வழக்கமான குண்டு 158 கிரெயின், அதாவது பத்து கிராமுக்குக் கொஞ்சம் மேல். காஞ்சிபுரத்து நகைக்கடை பாஷையில் ஒன்றேகால் பவுன். ஒன்றேகால் பவுன் ஈயம், இரண்டு அங்குலக் குழலிலிருந்து நொடிக்குச் சுமார் 330 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. பெருக்கினால் உந்தம் 3.4. இதோடு முடிந்துவிட்டதாக நினைத்துத்தான் எல்லோரும் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். குண்டுக்குப் பின்னால், எரிந்த மருந்தும் வாயுவாகி வெளியே பாய்கிறது. எடை ஒரு கிராம்தான், ஆனால் வேகம் நொடிக்கு ஆயிரத்து இருநூறு மீட்டர் போல. அதற்கு 1.2. ஆக மொத்தம் 4.6. பேரேட்டில் முன்பக்கம் 4.6 பற்று எழுதினால் பின்பக்கம் 4.6 வரவு எழுதியே ஆக வேண்டும். பின்பக்கம் இருப்பது துப்பாக்கி, அதற்குப் பின்னால் உன் கை.

துப்பாக்கி 1.2 கிலோ என்றால் அது பின்னால் வருகிற வேகம் மணிக்கு 14 கிலோமீட்டர். சைக்கிள் வேகம். இப்போது எடையைக் குறை. அமெரிக்காவில் 1950-ல் வந்த ஐந்து தோட்டா ரிவால்வர் ஒன்று, .38-க்காகவே செய்த ஆகச் சிறிய சட்டகம். 1990-களில் அதைக் கொஞ்சம் பெருக்கி மேக்னத்துக்கு ஏற்றதாக்கினார்கள். அதன் பிறகு ஸ்காண்டியம் கலந்த அலுமினியச் சட்டகம், டைட்டானிய உருளை என்று வந்து எடை 340 கிராமுக்கு இறங்கியது. உலோகம் தாங்குகிறது, சந்தேகமில்லை. ஆனால் பேரேட்டில் அதே 4.6 இருக்கிறது. 340 கிராமால் வகுத்துப் பார். நொடிக்குப் பதின்மூன்றரை மீட்டர், மணிக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர். எடை மூன்றரை மடங்கு குறைந்தால் உதைக்கிற ஆற்றல் மூன்றரை மடங்கு கூடும். வேகத்தின் வர்க்கம் என்று நீ பன்னிரண்டு மடங்கு சொல்லப் போவாய், எடை குறைந்திருப்பதை மறந்துவிடாதே. ஏறத்தாழ 31 ஜூல் வருகிறது. ஒரு கிலோ உப்புப் பாக்கெட் பத்தடி உயரத்திலிருந்து உன் உள்ளங்கையில் விழுகிறது என்று வைத்துக்கொள். உள்ளங்கை முழுவதும்கூட இல்லை, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற அந்த மெல்லிய தோலில். இதைத்தான் நீ "சின்னதே பெரிசா ஆயிடும்" என்கிறாய்.

இதை நான் கண்ணால் பார்த்தேன். இரண்டு வருஷம் முன்னால் மகள் வீட்டுக்கு டெக்சாஸ் போயிருந்தபோது மாப்பிள்ளை என்னைச் சுடுதளத்துக்கு அழைத்துப் போனார். சுற்றுலா விசாவில் போனவன் துப்பாக்கியைத் தொடக்கூடாது, அதனால் காதை மூடிக்கொண்டு கண்ணாடிக்குப் பின்னால் நின்றேன். முதலில் பெரிய ரிவால்வரில் சுட்டார். சத்தம் பயங்கரம், ஆனால் மனிதர் அசையவில்லை. பிறகு நண்பர் ஒருவரின் குட்டி ரிவால்வர். முதல் தோட்டாவுக்குக் குழல் வானத்தைப் பார்த்தது. வாயிலிருந்து கால்பந்து அளவு தீப்பந்து ஒன்று வந்து போனது. இரண்டாவதற்கு அவர் கண்ணை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன். சுடுவதற்கு முன்னாலேயே மூடிக்கொண்டார், குழலும் முன்னாலேயே தாழ்ந்தது. குண்டு அட்டைக்குக் கீழே மண்ணில் போய்ப் பாய்ந்தது. மூன்றாவதும் அப்படியே. நான்காவது வரவே இல்லை, விசையை இழுத்தால் உருளை சுற்ற மறுத்தது. கையை உதறிக்கொண்டே வெளியே வந்தார், அந்தத் தோல் கிழிந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

கண்ணை மூடியதற்கு அவரைக் குறை சொல்ல மாட்டேன். என்.சி.சி. முகாமில் நான் முதல்முதல் .303 சுட்டபோது கட்டையைத் தோளில் ஒட்டிப் பிடிக்காமல், பயத்தில் ஒரு விரற்கடை தள்ளிப் பிடித்தேன். அந்த ஒரு விரற்கடை இடைவெளியில் துப்பாக்கி ஓடி வந்து குத்தியது. தோள்பட்டை எலும்பு ஒரு வாரம் வீங்கியிருந்தது. உடம்பு இந்தப் பாடத்தை ஒரே தடவையில் கற்றுக்கொள்ளும், மறக்க வைக்கத்தான் மாதக்கணக்கில் ஆகும். 1970 ஏப்ரலில் கலிபோர்னியாவின் நியூஹால் என்ற இடத்தில் ஒரே சண்டையில் நான்கு நெடுஞ்சாலைக் காவலர்கள் இறந்தார்கள். இடுப்பில் மேக்னம் வைத்திருந்தவர்களுக்கும் அதுவரை பயிற்சி கொடுத்தது லேசான .38-ல். சாவுக்குக் காரணம் அது ஒன்றுதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பழகியது ஒன்று, கையிலிருந்தது ஒன்று என்கிற பேச்சு அன்றைக்கு எழுந்தது, இன்னும் ஓயவில்லை.

உருளை ஏன் சிக்கியது? மாப்பிள்ளைக்குத் தெரியவில்லை, துப்பாக்கி கெட்டுவிட்டது என்றார். எனக்கு உடனே தெரிந்தது, ஏனென்றால் நான் திருப்புட்குழிக்காரன். நம் ஊரில் மண்வெட்டித் தலை ஆடினால் என்ன செய்கிறோம்? பிடியின் அடியைக் கல்மேல் நச்சென்று தட்டுகிறோம். பிடி சட்டென்று நின்றுவிடும், கனமான இரும்புத் தலை தன் போக்கில் இறங்கி இறுகும். சடத்துவம். குட்டி ரிவால்வருக்குள்ளும் இதேதான், திசைதான் மாற்றம். ஒரு தோட்டா வெடித்ததும் துப்பாக்கி பின்னால் எகிறுகிறது. மற்ற அறைகளில் காத்திருக்கிற தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளும் விளிம்பு மாட்டியிருப்பதால் கூடவே பின்னால் போகின்றன. கூட்டின் வாயில் கவ்வப்பட்டிருக்கிற கனமான ஈயக்குண்டு வர மாட்டேன் என்று இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. ஒவ்வோர் உதைக்கும் ஒரு மயிரிழை நழுவி, மூன்றாவது உதைக்கு உருளையின் முகத்தைத் தாண்டி மூக்கை நீட்டிவிட்டது. உருளை எப்படிச் சுற்றும்? கனமான துப்பாக்கியில் அதே தோட்டா நழுவாது, அங்கே உதை மெதுவானது. லேசான குண்டு போட்டால் நழுவாதே என்பாய். அந்த டைட்டானிய ரிவால்வரின் குழலிலேயே 120 கிரெயினுக்குக் குறைந்த குண்டு போடாதே என்று பொறித்திருக்கிறார்கள். லேசான குண்டுத் தோட்டாவின் சூடான வாயு டைட்டானியத்தை அரித்துவிடுகிறது. கனமாகப் போட்டால் குண்டு நழுவுகிறது, லேசாகப் போட்டால் உருளை அரிக்கிறது.

இங்கே என்னைக் கொஞ்சம் புள்ளலூருக்குப் போகவிடு. உனக்குத் தெரியும், என்னைப் பேசவிட்டால் எங்கே ஆரம்பித்தாலும் புள்ளலூரில்தான் போய் நிற்பேன். ஆனால் இந்த முறை காரணம் இருக்கிறது.

காஞ்சிபுரத்துக்கு வடக்கே அந்த வயல்காட்டில் 1780 செப்டம்பர் 10 அன்று கர்னல் பெய்லியின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை ஹைதர் அலியும் திப்புவும் மடக்கினார்கள். கம்பெனியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்ததோடு ஆட்டம் முடிந்தது. அவற்றைக் கொளுத்தியது மைசூர் ராக்கெட்டா, பீரங்கியா என்று இன்னும் வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அந்தச் சண்டையை வரைந்து வைத்திருக்கிறார்கள். சிவப்புக் கோட்டுக்காரர்கள் சதுரமாக நெருங்கி நிற்க, நடுவில் வண்டி வெடிக்கிறது. நான் மூன்று தடவை போய்ப் பார்த்திருக்கிறேன். அப்துல் கலாம் அமெரிக்காவில் நாசாவின் வாலோப்ஸ் தளத்துக்குப் போனபோது வரவேற்பறையில் திப்புவின் படை ராக்கெட் விடுகிற ஓவியத்தைக் கண்டதை "அக்னிச் சிறகுகள்" நூலில் சொல்கிறார். அதைப் படித்த அன்று நான் ஒரு வகுப்பு முழுவதையும் அதிலேயே கழித்துவிட்டு, ஒளிவிலகலை அடுத்த வாரம் ஓட்டமாக நடத்தினேன்.

அந்த ராக்கெட்டில் என்ன விசேஷம்? மருந்து புதிதல்ல. உலகம் முழுவதும் தெரிந்த அதே கரிமருந்துதான். மற்றவர்கள் அட்டையிலும் மூங்கிலிலும் அடைத்ததை மைசூர்க்காரன் அடித்துச் செய்த இரும்புக் குழாயில் அடைத்தான். குழாய் அதிக அழுத்தம் தாங்கியது, அதனால் ஒரு மைலுக்கு மேலும் போனது. அழுத்தக் கணக்கைப் பாத்திரத்தால் ஜெயித்தான். உந்தக் கணக்கை? அதுதான் அழகு. ராக்கெட்டுக்கு உதை கிடையாது. பின்பக்க வரவு முழுவதையும் வாயு வாங்கிக்கொண்டு காற்றில் போய்விடுகிறது. பற்றவைத்தவன் தோளில் ஒரு குன்றிமணி எடைகூட விழாது. ரிவால்வரில் அந்த வரவை வாங்கிக்கொள்ள உன் மணிக்கட்டைத் தவிர வேறு ஆள் இல்லை.

அதே சண்டையையொட்டி இதற்கு நேர் எதிரான பாடமும் நடந்தது. பெய்லிக்கு உதவ வேண்டிய ஹெக்டர் மன்றோ காஞ்சிபுரத்தில் பெரிய பீரங்கிகளோடு உட்கார்ந்திருந்தான். செய்தி தெரிந்ததும் அவற்றை இழுத்துக்கொண்டு ஓட முடியாமல் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுப் பக்கம் பின்வாங்கினான். கனம் இருந்தால் உதை குறையும், சரி, ஆனால் அந்தக் கனத்தை ஒருவன் சுமக்க வேண்டும். அதனால் லேசான ரிவால்வர் செய்தவர்களை நான் முட்டாள்கள் என்று சொல்ல மாட்டேன். நாள் முழுவதும் சட்டைப்பையில் இருக்க வேண்டிய பொருள் ஒரு கிலோ இருந்தால் வீட்டில்தான் இருக்கும். என் சண்டை அந்த லேசான துப்பாக்கியில் மேக்னத்தைப் போடுகிறவர்களோடுதான்.

ஏன் என்றால், போட்டும் முழுப் பலன் கிடையாது. ஊட்டி ரயிலில் குன்னூரைத் தாண்டிப் போகும்போது அரவங்காடு ஸ்டேஷன் வரும், உங்கள் வகுப்பைக் கூட்டிப்போனபோது காட்டினேன். 1904-லிருந்து அங்கே கார்டைட் ஆலை இருக்கிறது. 1889-ல் ஏபலும் டூவரும் கண்டுபிடித்த புகையில்லா மருந்து. நைட்ரோகிளிசரினையும் வெடிபஞ்சையும் பிசைந்து, கொஞ்சம் வாசலின் சேர்த்து, சேமியா பிழிவது போலப் பிழிவார்கள். குழல் வழுக்க வேண்டும் என்று சேர்த்த வாசலின், மருந்து கெடாமல் காப்பதையும் பிறகுதான் கண்டார்கள். அது கிடக்கட்டும். இந்த வகை மருந்து ஒரேயடியாகக் குப்பென்று எரிவதில்லை, வெளிப்பரப்பிலிருந்து உள்நோக்கி எரிகிறது. எரிந்து முடியக் குழலில் நீளம் வேண்டும். இரண்டு அங்குலத்தில் குண்டு வெளியே போன பிறகும் வாயு பெரிய அழுத்தத்தோடு இருக்கிறது, எரியாத துகள்களும் கூடவே வருகின்றன. நான் பார்த்த தீப்பந்து அதுதான். நான்கு அங்குலக் குழலில் நொடிக்கு ஆயிரத்து இருநூறு அடியைத் தொடுகிற குண்டு, இரண்டு அங்குலத்தில் ஆயிரத்தைச் சொச்சம் தாண்டினால் பெரிது. காசு கொடுத்து வாங்கிய மருந்தில் ஒரு பங்கு வெளிச்சமாகவும், 160 டெசிபலைத் தாண்டுகிற சத்தமாகவும் போகிறது. உதை மட்டும் குறையாமல் வந்து சேருகிறது.

இப்போது கொசு அடிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். 2014 ஜனவரியில் கான்பூர் தொழிற்சாலை "நிர்பீக்" என்று ஒரு ரிவால்வர் வெளியிட்டது. டில்லிக் கொடுமையில் இறந்த பெண்ணை நினைத்துப் பெண்களுக்காகச் செய்தது. டைட்டானியக் கலவை, அரைக் கிலோ எடை, 32 போர். விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல். அந்த விலையும், துப்பாக்கி பாதுகாப்புத் தருமா என்கிற கேள்வியும் அப்போதே கடுமையாக விமர்சிக்கப்பட்டன, எனக்கும் அதில் உடன்பாடுதான். ஆனால் 32 போர் வைத்ததைக் கேலி செய்தவர்களோடு உடன்பாடில்லை. கணக்கைப் போடு. குண்டு முக்கால் பவுனுக்குச் சற்று மேல், வேகம் நொடிக்கு இருநூற்றுச் சொச்சம் மீட்டர், உந்தம் மருந்தையும் சேர்த்து 1.6. அரைக் கிலோத் துப்பாக்கியில் உதை இரண்டரை ஜூல் சொச்சம். அந்த அமெரிக்கக் குட்டி ரிவால்வரின் உதையில் பன்னிரண்டில் ஒரு பங்கு. இரண்டாவது தோட்டாவுக்கும் கண் திறந்திருக்கும்.

இதைவிடப் பெரிய சாட்சி ஒருவர் இருக்கிறார். ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஜஸ்பால் ராணா 1994-ல் ஹிரோஷிமாவிலும் 2006-ல் தோஹாவிலும் தங்கம் வாங்கிய சென்டர் ஃபயர் பிஸ்டல் பந்தயம் உனக்குத் தெரியும். தோஹாவில் 590 புள்ளி எடுத்து உலக சாதனையைச் சமன் செய்தார். அந்தப் பந்தயத்தின் விதி 9.65 மில்லிமீட்டர் வரைக்கும் குண்டை அனுமதிக்கிறது. பெரிய தோட்டா வேண்டுமென்றால் யாரும் வைத்துக்கொள்ளலாம். உலகத்தின் தேர்ந்த கைகள் தேடிப் போவதோ இதே .32 நீளத் தோட்டாவைத்தான், தட்டை மூக்குக் குண்டோடு. அவர்களுக்குத் தெரியாதது அந்த டீக்கடைக்காரருக்குத் தெரிந்திருந்தால் நல்லதுதான்.

உரிமம், 1959 ஆயுதச் சட்டம், யாருக்குக் கொடுப்பார்கள் என்பதெல்லாம் நீ கேட்கவில்லை, நானும் சொல்லப் போவதில்லை. உனக்கு இப்போது வேண்டியது என்.சி.சி.யில் தருகிற .22 ரைஃபிள், நிறையத் தோட்டா, கொஞ்சம் பொறுமை.

ஒன்று பாக்கி. படியிறங்கும்போது நீ முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. துப்பாக்கி உதைப்பதற்குள் குண்டு குழலை விட்டுப் போய்விடுகிறதே, அப்புறம் உதையால் குறி எப்படித் தப்பும் என்று கேட்டாய். பாதி சரி. குண்டு குழலுக்குள் இருக்கிற ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியிலேயே துப்பாக்கி நகரத் தொடங்கிவிடுகிறது. குழல் கைக்கு மேலே இருப்பதால் மூக்கும் மேலே எழத் தொடங்குகிறது. கனமான, மெதுவான குண்டு உள்ளே அதிக நேரம் இருப்பதால் அட்டையில் மேலே போய்ப் படும், வேகமான லேசான குண்டு கீழே படும். நம்ப மாட்டாய். ஞாயிற்றுக்கிழமை வா, காகிதத்தில் போட்டுக் காட்டுகிறேன். வரும்போது உங்கள் தறிப்பக்கத்திலிருந்து ஒரு நல்ல ஆப்பு எடுத்து வா. தோட்டத்து மண்வெட்டித் தலை ரொம்ப ஆடுகிறது, கல்லில் தட்டித் தட்டி என் மணிக்கட்டுதான் வலிக்கிறது.

அன்புடன்,
உன் பழைய இயற்பியல் வாத்தியார்